லோகநாயகியைப் பின்தொடர்பவர்கள்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க சார். எனக்கு இந்த ஓரம் போதும். படிக்கட்டு கண்ணுல படணும் எனக்கு. யாரு ஏறறான், யாரு இறங்கறான்னு பார்க்காம உக்கார்ந்தா இருப்புக் கொள்ளாது. முப்பத்தாறு வருஷப் பழக்கம். ரயில்வேல டிக்கெட் பரிசோதகரா இருந்தேன், டிடிஇ. ரிடையர் ஆகி நாலு வருஷமாச்சு. பேரு குஞ்சிதபாதம். பொறந்தது மாயவரம் பக்கம், வீடு பொன்மலையில.

ரயில்காரன் எதுக்குப் பஸ்ல போறான்னு நினைக்கிறீங்க. நினைக்கணும். எதையும் நினைக்காம பேசாம வர்ற ஆளை எனக்குப் பிடிக்காது. பாஸ் இருக்கு சார், ஓசியில ஏறி உக்காரலாம். ஆனா இந்த டிவிஷன்ல எனக்குத் தெரியாத டிடிஇ கிடையாது. ஏறின உடனே, "அண்ணே எங்க கிளம்பிட்டீங்க, அண்ணி வரலையா"ன்னு கேட்பான். அண்ணி எங்கன்னு பார்க்கத்தானே நான் போறேன்.

ஆமா சார். என் சம்சாரத்தைத் தேடித்தான் தஞ்சாவூர் போறேன். காலையில அஞ்சரை மணிக்கு, "தம்பி வீட்டுக்குப் போய்ட்டு ஒரு வாரத்துல வந்துடறேங்க"ன்னு சொல்லிட்டுக் கிளம்பினா. நான் "சரி"ன்னேன். சரின்னு சொல்லிட்டு எட்டு மணிக்கு நான் கிளம்பிட்டேன். இதுக்குப் பேரு எங்க டிபார்ட்மெண்ட்ல சர்ப்ரைஸ் செக். முன்கூட்டிச் சொல்லிட்டு எவனையும் பிடிக்க முடியாது.

பேரு லோகநாயகி. வயசு அறுபத்தொண்ணு. சிரிக்காதீங்க சார். அறுபத்தொரு வயசுப் பொம்பளை எங்க போயிடுவான்னுதானே சிரிக்கிறீங்க? நானும் அப்படித்தான் இருந்தேன், மூணு வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும்.

எல்லாம் அந்த ஃபோன் பண்ணின வேலை. எங்க பையன் புனாவுல இருக்கான். அவன் லீவுக்கு வந்தப்ப அம்மாவுக்கு ஒரு ஃபோனை வாங்கிக் கொடுத்து, அதுல பேஸ்புக்கையும் போட்டு, தமிழ்ல எப்படி அடிக்கறதுன்னு சொல்லிக் கொடுத்துட்டுப் போயிட்டான். ஒரு மாசம் குட் மார்னிங் பூ அனுப்பிக்கிட்டிருந்தா. அப்புறம் பார்த்தா எழுத ஆரம்பிச்சுட்டா. "லோகநாயகி பக்கம்"னு தலைப்பு. மத்தியானம் பாத்திரம் தேய்ச்சுட்டு உக்கார்ந்தான்னா நாலு மணி வரைக்கும் ஒரு விரலால அடிச்சுக்கிட்டே இருப்பா. வீட்டுல மனுஷன் ஒருத்தன் ஈஸி சேர்ல உக்கார்ந்திருக்கேன், என்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது.

என்ன எழுதறாளா? அது எனக்குத் தெரியாது சார். நான் படிச்சதில்லை.

இப்படிப் பார்க்காதீங்க. நீங்க வாத்தியாருன்னு நினைக்கிறேன், சட்டைப் பையில சாக்பீஸ் கறை இருக்கு. பரீட்சைத் தாளைத் திருத்தறவரு நீங்க, அதனால என்ன எழுதியிருக்குன்னு பார்ப்பீங்க. நான் அப்படி இல்லை. பயணியோட பேரு, வயசு, ஆணா பொண்ணா, எங்க ஏறினான், எங்க இறங்கறான், அதுதான் எனக்கு. சூட்கேஸுக்குள்ள என்ன வச்சிருக்கான்னு நான் ஒரு நாளும் திறந்து பார்த்தது கிடையாது. அது போலீஸ் வேலை. என்ன, சமையல் குறிப்பு எழுதுவா. வத்தக்குழம்பு வச்சேன், பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டுச்சுன்னு எழுதுவா. அது எனக்கெதுக்கு? அதைப் படிக்கிறவன் யாருங்கறதுதான் சார் கேள்வி.

கீழே எழுதறானே கமெண்ட்டு, அதை நான் விடமாட்டேன். ஒண்ணு விடாம பார்ப்பேன். முதல் வருஷம் இருபது பேரு. எல்லாம் சொந்தக்காரங்க, பழைய காலனி ஆளுங்க. ரெண்டாவது வருஷம் ஐநூறு ஆச்சு. இன்னைக்குத் தேதியில நாலாயிரத்து இருநூறு பேரு பின்தொடர்றாங்கன்னு அதுலயே போட்டிருக்கு. ஒரு பொம்பளையை நாலாயிரத்து இருநூறு பேரு பின்தொடர்றான்னா ஊர்ல நாம சும்மா விடுவோமா? செருப்பு பிஞ்சிடும்னு சொல்ல மாட்டோம்? இங்க என்னடான்னா அவ அதுக்கு நன்றி சொல்லிக் கைகூப்பறா.

இந்தாங்க, பாருங்க. இது நான் போட்ட சார்ட்டு. நீள வெள்ளைத் தாள்ல கோடு போட்டு எழுதியிருக்கேன். வரிசை எண், பேரு, ஆ, பெ, வயசு உத்தேசம், ஊரு, குறிப்பு. அடிக்கடி வந்து எழுதறவங்க மொத்தம் எழுபத்திரண்டு பேரு. ஸ்லீப்பர் கோச்சு மாதிரி கரெக்டா எழுபத்திரண்டு. சந்தேகப்பட வேண்டிய ஆளுங்களுக்குச் சிவப்பு மையில கோடு. ஆணுங்க எல்லாருக்குமே சிவப்புக் கோடுதான். பொம்பளை பேருல இருக்கறதுல பாதிப் பேரு ஆணாத்தான் இருப்பான், அதனால அங்கயும் சிவப்பு.

அந்தப் பச்சைச் சட்டை டிக்கெட் வாங்கலை, கவனிச்சீங்களா? கண்டக்டர் அவனைத் தாண்டிப் போயிட்டாரு. சரி, நமக்கென்ன.

முந்தா மாசம் ஒருத்தனை நேர்லயே போய்ப் பார்த்தேன். செங்கோடன்னு பேரு, ஈரோட்டுல ஜெராக்ஸ் கடை. கமெண்ட்லயே கடைப் பேரைப் போட்டு, "இந்தப் பக்கம் வந்தா வாங்க அக்கா"ன்னு எழுதியிருந்தான். என்ன தைரியம் பாருங்க. பாஸை எடுத்தேன், வண்டி ஏறினேன், பதினொரு மணிக்குக் கடை வாசல்ல நின்னேன். "பொன்மலையிலேருந்து வர்றேன்"னு மட்டும்தான் சார் சொன்னேன். ஒரு நிமிஷம் என் மூஞ்சியைப் பார்த்தான். அப்புறம், "லோகாக்கா வூட்டுக்காரருங்களா? வாங்கண்ணா, வாங்கண்ணா"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டான். கடையைச் சாத்திட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறான். அவன் சம்சாரம் காப்பி கொண்டு வந்து வச்சுது. ஒரு வாய் குடிச்சேன். சர்க்கரை இல்லை.

யோசிச்சுப் பாருங்க. எனக்குச் சர்க்கரை வியாதின்னு நான் அங்க யார்கிட்டயும் சொல்லலை. ஈரோட்டுல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கறவனுக்கு என் காப்பியில சர்க்கரை போடக்கூடாதுன்னு எப்படித் தெரியும்? அந்த அம்மா வேற, "ஏனுங்கண்ணா, முட்டிவலி இப்பத் தேவலைங்களா?"ன்னு கேட்குது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நான் வேவு பார்க்கப் போனேன், என்னை இவங்க ஏற்கெனவே வேவு பார்த்து முடிச்சிருக்காங்க. கிளம்பறப்ப அந்த அம்மா வாசல் வரைக்கும் வந்து, கண்ணெல்லாம் கலங்கி, "அக்காவை நல்லாப் பார்த்துக்கங்கண்ணா"ன்னுச்சு. மிரட்டறாங்களா, பரிதாபப்படறாங்களான்னு வண்டி திருச்சி வர்ற வரைக்கும் எனக்குப் பிடிபடலை. மிரட்டல்தான்னு முடிவு பண்ணினேன்.

துவாக்குடி வந்துடுச்சு. இங்க ரெண்டு நிமிஷம் போடுவான்.

அதுக்கப்புறம்தான் கமெண்ட்டெல்லாம் ஒரு மாதிரி மாற ஆரம்பிச்சது. முன்னாடியெல்லாம் "அருமை", "சிரிச்சு வயிறு வலிக்குது"ன்னு இருக்கும். ஒரு மாசமா என்ன எழுதறாங்க தெரியுமா? எனக்கு மனப்பாடம். "தைரியமா இருங்க லோகாம்மா." "முடிவு எடுத்துட்டீங்கல்ல, இனிமே பின்வாங்காதீங்க." "எட்டாம் தேதி நாங்க எல்லாரும் உங்க பக்கத்துல இருக்கோம்." கரூர்ல ஒரு பொம்பளை, "வீட்டுல சொல்லிட்டீங்களா?"ன்னு கேட்டிருக்கு. அதுக்கு இவ பதில் எழுதறா, "இன்னும் இல்லை, பயமா இருக்கு"ன்னு. எட்டாம் தேதி என்னைக்கு சார்? இன்னைக்கு.

இதுல மெயின் குற்றவாளி ஒருத்தன் இருக்கான். ஏழாம் நம்பர், பாருங்க, ரெட்டைக் கோடு போட்டிருக்கேன். சேதுமாதவன், தஞ்சாவூர், மானோஜிப்பட்டி. இவ எழுதிப் போட்டு ரெண்டு நிமிஷம் ஆகாது, வந்துடுவான். மூஞ்சி இருக்கற இடத்துல சூரியகாந்திப் பூவை வச்சிருக்கான். மூஞ்சியைக் காட்டாத பயணியை நான் எந்த வண்டியிலும் நம்பினது கிடையாது. அவன்தான் எழுதறான், "எல்லா ஏற்பாடும் பண்ணிட்டேன், நீங்க வந்து இறங்கினா போதும்"னு.

நீங்களே சொல்லுங்க. நான் சந்தேகப் பிராணியா?

வீட்டுல நடந்ததையும் கேளுங்க. போன மாசத்துலேருந்து எனக்குச் சமைக்கச் சொல்லிக் கொடுக்கறா. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்துல நான் அடுப்பைப் பத்த வச்சது கிடையாது. "வாங்க, ரசம் வைக்கறது எப்படின்னு பாருங்க"ங்கறா. "எதுக்குடி?"ன்னா, "சும்மா, தெரிஞ்சுக்கிட்டா நல்லதுதானே"ங்கறா. டப்பா டப்பாவா பேரெழுதி ஒட்டறா. துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, மிளகுன்னு. என் மாத்திரைக்குத் தனியா ஒரு டப்பா, காலை, ராத்திரின்னு பிரிச்சு. போறவதானே சார் இதெல்லாம் பண்ணுவா? இருக்கறவ எதுக்கு ஒட்டறா?

ஆளும் மெலிஞ்சுட்டா. நல்லா இருந்த உடம்பு, ரவிக்கையெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. ராத்திரிச் சாப்பாட்டை விட்டுட்டா. ஒரு நாள் நேராவே கேட்டேன், "யாருக்காகடி இப்படி உடம்பைக் குறைக்கறே?"ன்னு. தட்டை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. பதில் இல்லைன்னா என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? டிக்கெட் இல்லாதவன்தான் பதில் சொல்ல மாட்டான்.

நேத்து சாயங்காலம் மூக்குத்தியைக் கழட்டிட்டா சார். முப்பது வருஷமா கழட்டாத மூக்குத்தி. தேங்காயெண்ணெய் போட்டுப் போட்டுத் திருகி, கண்ணுல தண்ணியோட கழட்டினா. வளையலையும் கழட்டினா. தாலிச் செயினைக் கழட்டி வச்சுட்டு மஞ்சக் கயித்துல தாலியைக் கோர்த்துக் கட்டிக்கிட்டா. நகையெல்லாத்தையும் பீரோவுல வச்சுப் பூட்டி, சாவியை என் கையில கொடுத்துட்டா. உங்க நகை எதையும் எடுத்துக்கிட்டுப் போகலை பாருங்கங்கற மாதிரி. ஓடிப்போறதுலயும் ஒரு நேர்மை.

சொன்னா நம்புவீங்களா, எனக்குக் கோபம் வரலை. பயம் வந்துச்சு. கயிறும் கழுத்துமா அவ நின்னதைப் பார்த்தப்ப கல்யாணத்தன்னைக்குப் பார்த்த மாதிரியே இருந்துச்சு. வாயைத் திறந்து ஏதாவது கேட்டிருக்கணும். எனக்கு விசாரிக்கத் தெரியும் சார், கேட்கத் தெரியலை.

இல்லை, அவ சொல்ல வரலைன்னு சொல்ல மாட்டேன். நியாயத்தைச் சொல்லிடணும். பதினஞ்சு நாள் முன்னாடி டிவியை அணைச்சுட்டு எதிர்ல வந்து உக்கார்ந்தா. "ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்"னா. எனக்குத் தெரிஞ்சு போச்சு, இதுதான் அதுன்னு. "முதல்ல அந்தச் சேதுமாதவன் யாருன்னு சொல்லு, அப்புறம் மத்தது"ன்னு எடுத்த எடுப்புல போட்டேன். "எழுதியிருக்கேன், படிச்சுப் பாருங்க"ன்னுட்டு எழுந்து போயிட்டா.

படிச்சிருக்கலாம்தான். ஃபோன் கையிலதான் இருக்கு. மூணு வருஷத்துக்கு முன்னாடி முதல்தடவை எழுதினப்பவே ஆசையாக் கொண்டு வந்து நீட்டினா, "ஒரு வரி படிச்சுட்டுச் சொல்லுங்களேன்"னு. நான் கிரிக்கெட் பார்த்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் போடின்னேன். அந்த அப்புறம் வரவே இல்லை. நாலாயிரம் பேரு படிச்சதுக்குப் பின்னாடி நாலாயிரத்து ஒண்ணாவது ஆளாப் போய் நான் நிக்கணுமா? இன்னொண்ணும் இருக்கு. உங்ககிட்ட சொல்றதுக்கென்ன, இறங்கினா யாரோ. திறந்து பார்த்து உள்ள நான் இருந்தேன்னா? என்னைப் பத்தி என்ன எழுதியிருப்பா? நல்லதா எழுத நான் என்ன பண்ணியிருக்கேன்?

பச்சைச் சட்டைகிட்ட பாஸ் இருக்காம். காட்டறான் பாருங்க. இருக்கட்டும், தேதியைப் பார்த்தாரா கண்டக்டர்?

செங்கிப்பட்டி தாண்டிட்டோம். சார், ஒரு உபகாரம் பண்ணணும் நீங்க. அவசரத்துல படிக்கிற கண்ணாடியை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன். இந்தாங்க ஃபோன். காலையில பஸ்ல போறப்பவே ஏதோ எழுதிப் போட்டிருக்கா, சத்தம் வந்துச்சு. கமெண்ட்டை மட்டும் படிங்க. அந்தச் சேதுமாதவன் என்ன எழுதியிருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க. எங்க சந்திக்கறாங்கன்னு ஏதாவது துப்பு கிடைக்கும். மேலே இருக்கறது வேண்டாம், கீழே தள்ளுங்க.

என்ன சார், தள்ளச் சொன்னா படிச்சுக்கிட்டே இருக்கீங்க?

ஏன் என்னை இப்படிப் பார்க்கறீங்க? என்ன போட்டிருக்கு? சரி, வாய்விட்டுப் படிங்க. மேலே இருக்கறதையே படிங்க, பரவாயில்லை.

"பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று பதினொரு மணிக்கு ஆபரேஷன். வயிற்றில் இருக்கும் கட்டியை எடுத்து, சோதனைக்கு அனுப்பினால்தான் அது என்ன கட்டி என்று தெரியுமாம். பயமாகத்தான் இருக்கிறது. நீங்கள் எல்லாரும் இல்லாவிட்டால் டாக்டரிடமே போயிருக்க மாட்டேன். பொன்மலை ரயில்வே ஆஸ்பத்திரியில் எல்லாரும் இவருக்குத் தெரிந்தவர்கள், அதனால்தான் தஞ்சாவூர். இவரிடம் சொல்லாமல் வந்தது தப்பு. சொல்ல உட்கார்ந்தேன், முடியவில்லை. டியூட்டிக்கு இவர் போய்ப் போய் இவர் இல்லாமல் இருக்க நான் பழகிவிட்டேன். நான் இல்லாமல் இருக்க இவர் பழகவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கு அழுகை வருகிறது.

"சேது தம்பி, ஒரு உதவி. ஒன்பதரை மணியிலிருந்து பஸ் ஸ்டாண்டில் நில்லுங்கள். இவர் கட்டாயம் வருவார். என்னைச் சந்தேகப்பட்டாவது பின்னாலேயே வந்துவிடுவார். வெள்ளை அரைக்கைச் சட்டை, உயரமாக இருப்பார், உங்களை முறைப்பார். கண்டுகொள்ளாதீர்கள். காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டார். முதலில் இரண்டு இட்லி வாங்கிக் கொடுத்து மாத்திரை போட வையுங்கள். அப்புறம் என்னிடம் கூட்டிக்கொண்டு வாருங்கள். உள்ளே போவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும்."

இது வேற யாரோ சார். லோகநாயகின்னு ஊர்ல ஒருத்திதானா? பேரைச் சரியாப் பாருங்க. படத்தைப் பாருங்க. எங்க காட்டுங்க.

அவதான். சிவப்புச் சேலை. பையன் கல்யாணத்துல எடுத்தது.

யாருக்காக உடம்பைக் குறைக்கறேன்னு கேட்டேன் சார். என் வாயால கேட்டேன். அவ தட்டை எடுத்துக்கிட்டு உள்ள போனா, நான் நியூஸ் பார்த்தேன். எழுபத்திரண்டு பேருக்கும் ஊரு பேரு தெரியும் எனக்கு. எல்லாருக்கும் தெரிஞ்சது எனக்குத் தெரியலை. ஈரோட்டுல அந்த அம்மா அழுதப்பவாவது ஏம்மா அழறேன்னு கேட்டிருக்கலாமே. மிரட்டறாங்கன்னு எழுதி வச்சிருக்கேன் சார் நான், குறிப்பு கட்டத்துல.

மணி என்ன ஆச்சு? ஒன்பது நாற்பதா? பதினொண்ணுன்னுதானே போட்டிருக்கா. சரியாப் பார்த்தீங்களா? இவன் ஏன் இப்படி உருட்டறான்? எந்த ஸ்டாப்புலயும் நிறுத்தாமப் போகச் சொல்லுங்க சார் டிரைவர்கிட்ட.

அந்தச் சேதுமாதவனுக்கு என்ன வயசிருக்கும்? தம்பின்னுதானே எழுதியிருக்கா? சரி. நிக்கறானாமா? "ஒன்பதே கால்லேருந்து நிக்கறேன் அக்கா"ன்னு போட்டிருக்கானா? ஒன்பதரைன்னுதானே அவ சொன்னா. சரி, நிக்கட்டும். முறைக்க மாட்டேன்.

ஃபோனா? வேண்டாம் சார். அவ குரலைக் கேட்டா "எங்கடி இருக்கே?"ன்னு அதட்டற மாதிரிதான் வரும், எனக்கு அது ஒண்ணுதான் தெரியும். அது வேண்டாம் இன்னைக்கு.

இந்தக் கமெண்ட்டு எழுதறாங்களே, அதுக்கு எங்க அமுக்கணும்? இங்கயா? நீங்க அடிக்க வேண்டாம், கொடுங்க. எழுத்து பெருசாத்தானே தெரியுது, நானே அடிக்கிறேன். முப்பத்தெட்டு வருஷத்துல அவளுக்கு ஒரு வரி எழுதினதில்லை. ஸ்டேஷன்லேருந்து ஆள்கிட்ட சொல்லி அனுப்புவேன், அவ்வளவுதான். மத்தவங்க என்ன எழுதியிருக்காங்க, படிங்க கேட்போம். தைரியமா இருங்க. ம். கடவுள் துணை இருப்பார். ம். சீக்கிரம் வந்து எழுதுங்க, காத்துக்கிட்டிருக்கோம். முந்நூறு பேரா? எல்லாத்தையும் இவங்களே எழுதிட்டாங்களே சார். எனக்குன்னு ஒரு வார்த்தை மிச்சம் வைக்கலையே. நான் என்னத்தை எழுத?

அது என்ன ஊரு, வல்லமா? வல்லம்தானே? அடுத்தது தஞ்சாவூர்தான்.

இருங்க. வல்லம் தாண்டிட்டேன்னு போடறேன்.